சான் பிரான்சிஸ்கோவின் டிராலி பஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் முதலில் கேட்பது கேபிள் கார் எங்கே என்றுதான். இரண்டாம் நாள் கேள்வி மாறிவிடும்: "தலையில் இரண்டு கொம்பு வைத்துக்கொண்டு ஒரு பஸ் போகிறதே, அது என்ன?" பல வருடங்களாகத் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிராலி பஸ் என்றால் என்ன? டிராம் வண்டியா, பஸ்ஸா?

பஸ்தான். ரப்பர் டயர், ஸ்டீயரிங், தார்ச்சாலை எல்லாம் சாதாரண பஸ் போலவே. டீசல் இன்ஜினுக்குப் பதிலாக மின்மோட்டார் இருக்கும். மின்சாரம் சாலைக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியிலிருந்து, கூரைமேல் உள்ள இரண்டு நீளக் கழிகள் வழியாக வருகிறது. நம் பேச்சில் டிராலி என்றால் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிற வண்டி. இங்கே அந்தப் பெயர், கம்பியைத் தொட்டபடி அதோடு ஓடுகிற உறுப்பிலிருந்து வந்தது.

டிராமுக்கு ஒரு கம்பி போதும், இதற்கு ஏன் இரண்டு?

மின்சாரம் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். டிராமில் அது இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடுகிறது. ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது, கீழே தண்டவாளமும் இல்லை. எனவே வர ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. சான் பிரான்சிஸ்கோவில் இது 600 வோல்ட் நேர்மின்னோட்டம். நகரெங்கும் உள்ள துணைமின்நிலையங்கள் அதைப் பகுதி பகுதியாகக் கம்பிகளுக்குக் கொடுக்கின்றன.

இந்த ஊரில் இது எப்போது தொடங்கியது?

1935 அக்டோபரில், 33-ஆம் எண் வழித்தடத்தில். அதை நடத்தியது மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற தனியார் நிறுவனம். நகராட்சியின் போக்குவரத்து அமைப்பான முனி தன் முதல் டிராலி பஸ்ஸை 1941-ல் ஹோவர்ட் தெருவில் விட்டது. 1944-ல் அந்தத் தனியார் நிறுவனமும் நகராட்சியின் கைக்கு வந்தது. 1940-களின் கடைசியில் டிராம் தடங்கள் பல பெயர்க்கப்பட்டபோது, டிராமுக்காக இருந்த மின் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அதே தெருக்களில் டிராலி பஸ் ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் எத்தனையோ ஊர்களில் டிராலி பஸ் இருந்தது. பெரும்பாலான ஊர்கள் கம்பியை அறுத்துவிட்டு டீசலுக்குப் போயின. இன்று சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், ஃபிலடெல்ஃபியா, டேட்டன் ஆகிய நான்கு ஊர்கள்தான் மிச்சம். முதல் இரண்டும் மேடு பள்ளமான ஊர்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அப்படி என்ன மேடு?

24-ஆம் எண் பஸ் போகிற வழியில், நோ தெருவில், 26-ஆம் தெருவுக்கும் சீசர் சாவேஸ் தெருவுக்கும் நடுவே ஒரு துண்டு இருக்கிறது. அதன் சரிவு 22.8 சதவீதம். அதாவது 100 அடி முன்னே போனால் கிட்டத்தட்ட 23 அடி மேலே ஏற வேண்டும். உலகில் டிராலி பஸ் ஓடும் தெருக்களில் அறியப்பட்ட மிகச் செங்குத்தான ஏற்றம் இதுவே என்று முனி சொல்கிறது.

எண்ணைவிட அனுபவம் நன்றாகச் சொல்லும். பஸ் ஏறும்போது நீங்கள் நின்றுகொண்டிருந்தால் கம்பியைப் பிடித்திருக்கும் கை தானாக இறுகும். உட்கார்ந்திருந்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். கையில் காய்கறிப் பையோடு ஏறியவர் அதை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். ஆனால் பஸ்ஸிடமிருந்து ஒரு முனகல்கூட வராது.

மேட்டில் ஏற டீசலைவிட மின்சாரம் ஏன் நல்லது?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். 40 அடி பஸ் ஒன்று, பயணிகளோடு சேர்த்து 17 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோ தெரு ஏற்றத்தில் மணிக்கு வெறும் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும், சுமார் 100 கிலோவாட் சக்தி வேண்டும். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசி அறுபதுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம் அது.

டீசல் இன்ஜினால் அந்தச் சக்தியைத் தர முடியாது என்றில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து, அதுவும் மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அதற்குச் சிரமம். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் முழு இழுவிசை கிடைக்கும். அதுவரை கியரும் டார்க் கன்வெர்ட்டரும் சமாளிக்க வேண்டும். சத்தம், சூடு, புகை எல்லாம் அங்கேதான் உச்சத்துக்குப் போகின்றன. மின்மோட்டார் சுற்றத் தொடங்கும் முதல் கணத்திலேயே முழு இழுவிசையைத் தந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாகவும் தாங்கும். ஏற்றத்தின் நடுவே ஸ்டாப் சைன் வைத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டீசல் பஸ் தன் சக்தி நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு மலை ஏறுகிறது. டிராலி பஸ் அதைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது. கம்பியின் மறுமுனையில் நகரத்தின் மொத்த மின் அமைப்பும் இருக்கிறது. எந்த ஏற்றத்தில் எவ்வளவு கேட்டாலும் அது கொடுக்கும்.

அப்படியானால் டிராமையே மேட்டில் விட்டிருக்கலாமே?

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். சரிவு 10 சதவீதத்தைத் தாண்டினாலே டிராமுக்குத் திண்டாட்டம். ரப்பர் டயருக்குத் தார்ச்சாலையில் பிடிப்பு மிக அதிகம். அதனால்தான் மின்மோட்டார் ஒன்றேயானாலும் பஸ் ஏறுகிற இடத்தில் டிராம் ஏறாது.

இந்தச் சிக்கலுக்கு ஊர் கண்ட முதல் விடை கேபிள் கார். 1873-ல் ஆண்ட்ரூ ஹாலிடி, கிளே தெருவில் தரைக்கு அடியில் ஓடும் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வண்டியை விட்டார். இன்று அந்தக் கிளே தெருவில் கேபிள் கார் இல்லை. 1-ஆம் எண் டிராலி பஸ்தான் ஓடுகிறது. மேற்கே போகும்போது பக்கத்துச் சாக்ரமென்டோ தெரு, கிழக்கே திரும்பி வரும்போது கிளே தெரு. கேபிள் கார் பார்க்க வருபவர்கள், அது பிறந்த தெருவில் இன்று என்ன ஓடுகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

இறங்கும்போது என்ன ஆகிறது? பிரேக் பிடிக்காமல் போனால்?

மேடு உள்ள ஊரில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். டீசல் லாரிகள் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடாகித் தீய்ந்த வாசம் வருவதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மின்சார பஸ்ஸில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரத்தின் சுழற்சி மின்சாரமாகிறது, அதனாலேயே வண்டியின் வேகம் தணிகிறது. வழக்கமான காற்று பிரேக் அதற்கு மேல் தனியாக இருக்கிறது. தேய்மானமும் சூடும் அதற்கு மிகக் குறைவு.

அப்படி உண்டாகும் மின்சாரம் எங்கே போகும் என்பது அழகான பகுதி. அது கம்பிக்குத் திரும்புகிறது. அதே கம்பிப் பகுதியில் அந்த நேரத்தில் இன்னொரு பஸ் ஏறிக்கொண்டிருந்தால், அதன் மோட்டாருக்கு இது போய்ச் சேரும். 17 டன் பஸ் ஒன்று 100 மீட்டர் உயரம் ஏறுவதற்கு நாலரை யூனிட்டுக்கு மேல் செலவாகும். இறங்கும் பஸ் அதில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கிறது. பக்கத்தில் வாங்கிக்கொள்ள எந்த பஸ்ஸும் இல்லையென்றால், அது மின்தடையாக்கிகளில் (ரெசிஸ்டர்) வெறும் சூடாக வீணாகும்.

இந்த ஊருக்கு இந்த யோசனை புதிதல்ல. ஃபில்மோர் தெருவில் 24 சதவீதத்துக்கும் மேல் சரிவான இரண்டு பிளாக்குகள் உண்டு. 1895 முதல் 1941 வரை அங்கே இரண்டு டிராம்களை ஒரே வடத்தின் இரு முனைகளில் கட்டி ஓட்டினார்கள். ஒன்று இறங்கும் பாரம் மற்றொன்றை மேலே இழுக்கும். கிணற்றுக் கப்பியில் ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டி இறைப்பார்களே, அதே கணக்கு. அந்த வடம் போய்விட்டது. இப்போது இரண்டு பஸ்களுக்கு நடுவே அந்த வேலையைச் செம்புக் கம்பி செய்கிறது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நகரத்துக்குச் சொந்தமான நீர்மின் நிலையங்களிலிருந்து. சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்ச்சி என்ற பள்ளத்தாக்கில் 1923-ல் ஓஷாஹ்னெஸி அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து மலையிறங்கி வரும் தண்ணீர் வழியில் டர்பைன்களைச் சுற்றிவிட்டு, பிறகு நகரத்தின் குடிநீராகிறது. மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் கீழே விழுகிற வேகம்தான் இங்கே ஆட்களை மேட்டில் ஏற்றுகிறது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. அதை மறைக்கக் கூடாது. யோசெமிட்டிக்கு இணையான அழகுள்ளது என்று சொல்லப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீருக்கு அடியில் போனது. இயற்கைப் பாதுகாப்பில் பெரிய பெயரான ஜான் மியூர் அதை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். 1913-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ரேக்கர் சட்டத்தை நிறைவேற்றி அனுமதி கொடுத்தது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். பஸ்ஸின் ஓட்டத்தில் புகை இல்லை என்பது உண்மை. அந்தப் பள்ளத்தாக்கு இன்று இல்லை என்பதும் உண்மை.

கழி கம்பியிலிருந்து நழுவிவிட்டால்?

நழுவும். மாதத்தில் ஒரு தடவையாவது நீங்கள் பார்க்கலாம். ஒரு திருப்பத்தில் 'டக்' என்று சத்தம், பஸ் அப்படியே அடங்கி நிற்கும். கழிகள் ஸ்பிரிங் விசையில் மேலே அழுத்திக்கொண்டிருப்பவை. நழுவினால் துள்ளி எழுந்து மற்றக் கம்பிகளை அறுத்துவிடக்கூடாது என்பதற்காக, பஸ்ஸின் பின்பக்கம் கழியோடு கட்டிய கயிறும் அதைச் சட்டென்று கீழே இழுக்கும் அமைப்பும் இருக்கின்றன.

அப்புறம் டிரைவர் இறங்கி, பின்னால் போய், கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி கழியின் நுனியைக் கம்பியில் சரியாக உட்கார வைப்பார். கொக்கியால் உயரக் கிளையில் மாங்காய் பறிக்கிறவர் முகத்தில் இருக்கும் அதே கவனம். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஓரிரு நிமிட வேலை. மழையில், போக்குவரத்துக்கு நடுவில், பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் கேட்கும்போது செய்வது எளிதல்ல. அவர் திரும்பி ஏறும்போது ஒரு நன்றி சொல்லுங்கள்.

பஸ் வலப்பக்கம் திரும்ப வேண்டும், கம்பி நேராகவும் போகிறது. எப்படித் தடம் மாறும்?

ரயில் தண்டவாளத்தில் இருப்பது போலவே மேலே கம்பியிலும் பிரிவுகள் உண்டு. இங்கே பல இடங்களில் கையாளும் முறை எளிமையானது. பிரிவுக்குச் சற்று முன்னால் இரண்டு கம்பிகளிலும் ஒவ்வொரு தொடுபுள்ளி இருக்கும், ஆனால் நேருக்கு நேர் இல்லாமல் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. பஸ் நேராகப் போனால் இரண்டு கழிகளும் அவற்றை வெவ்வேறு நேரத்தில் தொடும், ஒன்றும் நடக்காது. பஸ் திரும்பத் தொடங்கினால் கழிகளும் சாய்ந்து, இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். உடனே பிரிவு திருப்பத்தின் பக்கம் மாறிவிடும். டிரைவர் தனியாக எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை.

நான்கு பக்கமும் டிராலி பஸ் போகிற சந்திப்பில் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருக்கும். வானத்தைக் கெடுக்கிறது என்பது சிலர் குறை. எனக்கு அது கோலம் போலத்தான் தெரிகிறது.

சாலையில் பள்ளம் தோண்டியிருந்தால், ஊர்வலம் வந்தால்?

கழிகள் இருபக்கமும் சாயும் என்பதால் ஒரு தடம் தள்ளி ஓட்டலாம். நின்றுகொண்டிருக்கும் லாரியைச் சுற்றிப் போக அது போதும். வேறு தெருவுக்கே போக வேண்டுமென்றால், இப்போதுள்ள பஸ்களில் பேட்டரியும் இருக்கிறது. கழிகளை இறக்கிக் கட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் பேட்டரியில் போய், மறுபடி கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாட்களில் டீசல் பஸ்ஸை அனுப்ப வேண்டியிருந்தது.

தீராத குறை ஒன்று உண்டு. ஒரே கம்பியில் பின்னால் வரும் பஸ் முன்னால் போகும் பஸ்ஸை முந்த முடியாது. முன்னது நின்றுவிட்டால் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிடும். முந்த வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு ஜோடிக் கம்பி கட்ட வேண்டும், அல்லது ஒன்று கழியை இறக்க வேண்டும்.

மழையில் ஷாக் அடிக்காதா?

மின்னமைப்புக்கும் பஸ்ஸின் உடலுக்கும் நடுவே இரட்டைக் காப்பு வைத்திருக்கிறார்கள். அதைச் சோதித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பயமில்லாமல் ஏறலாம். கம்பிச் சந்திப்புகளில் நீல நிறத்தில் பொறி பறப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், தொடர்பு ஒரு கணம் விட்டுச் சேருவதால் வருவது அது.

உண்மையில் கவனம் வேண்டியது வேறு இடத்தில். பஸ் வருகிற சத்தமே கேட்காது. காதில் ஹெட்போனோடு சாலையைக் கடக்காதீர்கள்.

இப்போதுதான் பேட்டரி பஸ்கள் வந்துவிட்டனவே, கம்பி எதற்கு?

நியாயமான கேள்வி. சமதளமான ஊரில், புதிதாகத் தொடங்குகிறார்கள் என்றால் நானும் பேட்டரி பஸ் என்றே சொல்லலாம். ஆனால் மேட்டில் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. நாள் முழுக்க ஓடும் பெரிய பஸ்ஸின் பேட்டரி இரண்டு மூன்று டன் இருக்கும். அதையும் ஒவ்வொரு ஏற்றத்திலும் சுமந்து ஏற வேண்டும். பிறகு பணிமனையில் மணிக்கணக்காக நின்று சார்ஜ் ஏற வேண்டும். டிராலி பஸ் காலையில் கிளம்பினால் இரவு வரை நிற்காமல் ஓடும், ஓடிக்கொண்டே சாப்பிடுகிற பிள்ளை மாதிரி.

கலிஃபோர்னியா மாநிலம் 2018-ல் போட்ட விதிப்படி 2040-க்குள் பொதுப் போக்குவரத்து பஸ்கள் எல்லாம் புகையில்லாதவையாக மாற வேண்டும். டிராலி பஸ்ஸுக்கு அந்தப் பரீட்சையே இல்லை, ஏற்கெனவே தேறிவிட்டது. 1935 முதல் இருக்கிற ஏற்பாட்டை அறுத்துவிட்டு, அதே மின்சாரத்தைப் பேட்டரியில் அடைத்து ஏற்றுவது இந்த ஊருக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. எனக்குச் சரியாகப் படுவது இரண்டும் சேர்ந்த வழி: ஏற்றமுள்ள தெருக்களில் கம்பி, கம்பி இல்லாத கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குச் சிறிய பேட்டரி.

எத்தனை பஸ்கள் ஓடுகின்றன?

2015 முதல் 2019 வரை பழையவற்றை மாற்றி, நியூ ஃபிளையர் நிறுவனத்தின் 278 பஸ்களை வாங்கினார்கள். 185 பஸ்கள் 40 அடி நீளம், 93 பஸ்கள் நடுவில் மடியும் 60 அடி நீளம். அமெரிக்காவில் இவ்வளவு டிராலி பஸ்கள் வேறு எந்த ஊரிலும் இல்லை.

தமிழர்கள் வாழும் ஊர்களில் எங்காவது இது ஓடியதா?

ஓடியது. இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிங்கப்பூரில் 1926 முதல் 1962 வரை, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1925 முதல் 1961 வரை, கொழும்பில் 1953 முதல் 1964 வரை. மும்பையிலும் 1962-ல் தொடங்கி 1971-ல் நின்றுவிட்டது. இந்த ஊர்களில் வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் நண்பர் ஒருவரின் தாயார் கொழும்பில் பள்ளிக்குப் போன காலத்தை இங்கே 22-ஆம் எண் பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டோம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். எதில் கூட்டிப்போகலாம்?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதலில் ஒரு தகவல்: இந்த பஸ்கள் தாழ்தளம், முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தணிந்தும் கொடுக்கும். டிரைவரிடம் கேட்டால் போதும். கட்டணத்துக்குக் கிளிப்பர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். முன் இருக்கைகள் முதியவர்களுக்கானவை. கூச்சப்படாமல் உட்காரச் சொல்லுங்கள்.

சைனா டவுன் பார்க்க 30-ஆம் எண். ஸ்டாக்டன் தெருவில் காய்கறிப் பைகளோடு பாட்டிமார்கள் ஏறி இறங்கும் கூட்டத்தில் உங்கள் அம்மாவுக்கு ஊர் சந்தை நினைவு வரும். ஆனால் காலை நேரத்தில் இடம் கிடைக்காது. பூங்கா பார்க்க வேண்டுமென்றால் 5-ஆம் எண், கோல்டன் கேட் பூங்காவின் ஓரமாகவே போகும். ஏற்றத்தின் திகில் வேண்டுமென்றால் மேலே சொன்ன 24.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 33. 1935-ல் முதலில் ஓடிய அதே எண். காஸ்ட்ரோ பக்கத்திலிருந்து மேலே ஏறி, மார்க்கெட் தெருவும் கிளேட்டன் தெருவும் சேருமிடத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுக்கும். பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, ஹேய்ட் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற பஸ்ஸில் ஏறுங்கள். வளைவில் டிரைவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிப்பார், மேலே கழிகள் இரண்டும் கம்பியோடு சேர்ந்து வளையும், நகரம் மொத்தமும் கீழே விரியும். அப்போது பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. அப்பா ஏதாவது மெதுவாகச் சொன்னாலும் காதில் விழும்.